பேஸ் கிட்டாரின் குரல் எங்கே இருக்கிறது?

பேஸ் கிட்டார் வாங்கப் போகிறவர்களிடம் எல்லாரும் முதலில் பேசுவது மரத்தைப் பற்றித்தான். ஆல்டர் மரம்னா உருண்டையா கேட்கும், ஆஷ் மரம்னா பளிச்சுனு கேட்கும், விரல் பலகை ரோஸ்வுட்டா மேப்பிளா என்று ஒரு பெரிய பட்டியலே சொல்வார்கள். விலையும் அதை வைத்தே ஏறும். பழைய மரம் என்றால் லட்சக்கணக்கில் போகும்.

கொஞ்ச நாளாக இந்தக் கருவியின் வரலாற்றைக் குறிப்பெடுத்துக்கொண்டு வருகிறேன். அதில் எனக்குத் தெரிவது வேறு படம். நமக்குப் பழக்கமான பேஸ் ஒலிகள் பலவும் யாரோ "இப்படி ஒரு ஒலி வேண்டும்" என்று உட்கார்ந்து செய்தவை அல்ல. தூக்கிச் செல்ல முடியவில்லை, மின்சார இரைச்சல் வருகிறது, விரல் பலகை தேய்கிறது என்று வேறு ஏதோ ஒரு தலைவலிக்கு மருந்து தேடினார்கள். ஒலி பின்னாலேயே வந்தது. அந்த வரிசையில் மரத்தின் இடம் கடைக்காரர் சொல்கிற அளவுக்கு முன்னால் இல்லை.

ஆளுயரப் பெட்டியிலிருந்து ஒரு பலகைக்கு

மின்சார பேஸுக்கு முன்னால் இருந்தது டபுள் பேஸ். நின்றுகொண்டு வாசிக்கும் ஆளுயர வயலின் மாதிரி. அது ஏன் அவ்வளவு பெரிசு? அதன் அடிக் கம்பி விநாடிக்குச் சுமார் 41 முறை அதிரும். அவ்வளவு தாழ்ந்த ஒலியைக் காற்றில் தள்ள வேண்டுமென்றால் பெரிய பெட்டி தேவை. அப்படியும் டிரம்ஸும் ஊதுகருவிகளும் சேர்ந்தால் பேஸ் காணாமல் போய்விடும். ஊர் ஊராகப் போகிற குழுக்களுக்கு அதை வண்டியில் ஏற்றுவதே பெரிய வேலை.

1930களின் நடுவில் அமெரிக்காவின் சியாட்டிலில் பால் டுட்மார்க் என்பவர் இதற்கு ஒரு வழி கண்டார். கிட்டார் மாதிரி குறுக்கே பிடித்து வாசிக்கிற, ஃப்ரெட் வைத்த, கெட்டிப் பலகையால் ஆன மின்சார பேஸ் ஒன்றை ஆடியோவாக்ஸ் என்ற பெயரில் விற்றார். காலம் கனியவில்லை, அது பரவவில்லை.

1951-ல் கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்ட்டனில் லியோ ஃபெண்டர் அதே யோசனைக்கு வந்தார். அவர் ரேடியோ பழுதுபார்ப்பவர். கிட்டார் வாசிக்கத் தெரியாதவர். அவருடைய கருவிக்குப் பெயர் 'பிரிசிஷன் பேஸ்'. துல்லியம் என்று பெயர் வைத்ததற்குக் காரணம் ஃப்ரெட்டுகள்தான். டபுள் பேஸில் காதை நம்பி விரல் வைக்க வேண்டும். இதில் சரியான கட்டத்தில் அழுத்தினால் போதும், சுருதி பிசகாது. கம்பியின் நீளம் 34 அங்குலம், சுமார் 86 செ.மீ. டபுள் பேஸைவிடக் குறைவு, சாதாரண கிட்டாரைவிட அதிகம். இன்றைக்கும் பெரும்பாலான பேஸ்களின் அளவு இதுதான்.

ஆம்ப்ளிஃபயர் ஒலியைப் பெருக்கிக்கொள்வதால் பெட்டி தேவையில்லை, பலகை போதும். இதில் ஒரு பக்கவிளைவு உண்டு. பெட்டி என்பது கம்பியின் சக்தியை வாங்கிக் காற்றுக்குக் கொடுப்பது. அதனால் டபுள் பேஸின் ஒலி 'தும்' என்று வந்து சீக்கிரம் அடங்கும். கெட்டிப் பலகை சக்தியை அவ்வளவாக வாங்காது, ஒலி நீண்டுகொண்டே போகும். அன்றைய காதுகளுக்கு அது அந்நியம். அதனால் ஃபெண்டர் கம்பி முடியும் இடமான பிரிட்ஜின் மேல் ஒரு உலோக மூடி போட்டு, அதற்குள் கம்பியை மெல்லத் தொட்டுக்கொண்டிருக்கும் மெத்தென்ற ஒரு துண்டையும் வைத்தார். புதுக் கருவி, பழைய கருவி மாதிரிக் கேட்க வேண்டும் என்பதற்காக!

காந்தம் எங்கே உட்கார்ந்திருக்கிறது?

பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றித் தலைமுடியைப் போல மெல்லிய செம்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்று சுற்றிய ஒரு சுருள். மேலே எஃகுக் கம்பி அசைந்தால் காந்தப்புலம் குலையும், சுருளில் மின்னழுத்தம் பிறக்கும். நைலான் கம்பி போட்டால் இது வேலை செய்யாது. அதாவது பிக்கப் நேரடியாகக் கேட்பது மரத்தை அல்ல, எஃகின் அசைவை. அதுவும் முழுக் கம்பியின் அசைவை அல்ல, தன் தலைக்கு நேர் மேலே இருக்கிற ஒரு சின்னப் பகுதியின் அசைவை மட்டும்.

எனக்கு முக்கியமாகப் படுவது இந்த இடம்தான். மீட்டப்பட்ட கம்பி ஒரே சமயத்தில் பல விதமாக ஆடும். முழுசாக ஒரு வில் போல ஆடும், கூடவே இரண்டு பாதியாகவும், மூன்று துண்டாகவும், நாலு துண்டாகவும் ஆடும். துண்டுகளுக்கு நடுவே அசையாத புள்ளிகள் இருக்கும். திறந்த கம்பியின் நீளத்தில் சரியாக நாலில் ஒரு பங்கு தூரத்தில் பிக்கப் இருந்தால், நாலு துண்டு அசைவு அதற்குக் கேட்கவே கேட்காது. பிரிட்ஜுக்கு மிக அருகில் வைத்தால் முழு அசைவு அங்கே குறைவு, சின்னத் துண்டு அசைவுகளின் பங்கு அதிகம். ஒலி கூர்மையாகவும் கொஞ்சம் மூக்கால் பேசுவது போலவும் வரும். நெக் பக்கம் நகர்த்தினால் கனமாக, உருண்டையாக வரும்.

கிப்ஸன் 1953-ல் தன் முதல் மின்சார பேஸை வெளியிட்டபோது பிக்கப்பை நெக்கை ஒட்டி வைத்தது. ஒலி ஆழமாக இருந்தது, ஆனால் மசமசவென்று. ஃபெண்டர் வைத்தது நடுவாந்தரமான இடத்தில், பிரிட்ஜிலிருந்து கம்பி நீளத்தில் சுமார் ஆறில் ஒரு பங்கு தூரத்தில். இரண்டையும் பிரித்துக் காட்டியதில் இந்தச் சில அங்குலங்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

1957-ல் அடுத்த மாற்றம். ஒற்றைச் சுருள் பிக்கப் ஒரு ஆன்டெனாவும்கூட. சுற்றியுள்ள மின்சாரத்தின் இரைச்சலையும் பிடித்துவிடும். ஃபெண்டர் சுருளை இரண்டாக உடைத்தார். கனமான இரண்டு கம்பிகளுக்கு ஒன்று, மெல்லிய இரண்டுக்கு ஒன்று. ஒன்றில் சுற்றும் காந்தமும் மற்றதற்கு எதிர்த் திசையில். இரைச்சல் இரண்டிலும் எதிரெதிராக வந்து அழிந்துவிடும், கம்பியின் ஒலி மட்டும் நிற்கும். கூடவே இன்னொன்றும் மாறியது. முன்பு ஒவ்வொரு கம்பிக்கும் கீழே ஒரு காந்தக் கால். இப்போது இரண்டு கால்கள், கம்பி அவற்றுக்கு நடுவே போகிறது. மீட்டும்போது வரும் முதல் அடி கொஞ்சம் மென்மையாயிற்று. இன்றைக்கு 'பிரிசிஷன் பேஸ் ஒலி' என்று நாம் சொல்வது இரைச்சலுக்குக் கொடுத்த இந்த மருந்தைத்தான்.

1960-ல் வந்த ஜாஸ் பேஸில் இரண்டு பிக்கப். ஒரே கம்பியை இரண்டு இடத்தில் ஒட்டுக்கேட்கிற ஏற்பாடு. சில அசைவுகளில் ஒரு இடம் மேலே போகும்போது மற்ற இடம் கீழே போகும். இரண்டையும் கூட்டினால் அவை ஒன்றையொன்று விழுங்கிவிடும். அதனால்தான் இரண்டு பிக்கப்பையும் முழுசாகத் திறந்தால் நடு அலைவரிசையில் ஒரு குழி விழுந்த மாதிரி கேட்கிறது. மரத்தில் எதுவும் மாறவில்லை. குமிழைத் திருகினால் கருவியின் குணமே மாறிவிடுகிறது.

கம்பியும் விரலும்

டெட்ராய்ட்டில் மோட்டவுன் நிறுவனத்தின் ஸ்டூடியோவில் வாசித்தவர் ஜேம்ஸ் ஜேமர்ஸன். அடிப்படையில் டபுள் பேஸ் கலைஞர். அவருடைய கருவி 1962-ம் ஆண்டு பிரிசிஷன் பேஸ், கடையில் கிடைக்கிற சாதாரண மாடல். அவர் செய்தது மூன்று விஷயம். தட்டை நாடா சுற்றிய கனமான கம்பிகளைப் போட்டார், அவை அறுந்தால் ஒழிய மாற்றவே மாட்டார். பிரிட்ஜ் மூடிக்குள் ஸ்பாஞ்ச் இருந்தது. வலது கையில் ஆள்காட்டி விரல் ஒன்றாலேயே மீட்டினார். பிறகு ஆம்ப்ளிஃபயர் வழியாக இல்லாமல் நேராக ஒலிப்பதிவு மேஜைக்கே இணைப்பு. அவ்வளவுதான்.

1960களின் மோட்டவுன் பாட்டு எதையாவது போட்டுக் கீழே ஓடுகிற பேஸை மட்டும் கவனித்துப் பாருங்கள். ஒவ்வொரு சுரமும் உருண்டையாக வந்து, அடுத்ததுக்கு வழிவிட்டு அடங்கும். உலகமே கேட்ட அந்தக் கைக்கு நீண்ட காலம் பெயர் இல்லை. மோட்டவுன் இசைத்தட்டு உறையில் ஜேமர்ஸனின் பெயர் வந்தது 1971-ல், மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' தொகுப்பில்தான். 1983-ல் அவர் இறப்பதற்குச் சற்று முன்னால் அந்த பேஸும் திருட்டுப் போய்விட்டது.

அதே காலத்தில் இங்கிலாந்தில் ஒருவருக்கு நேர் எதிரான ஆசை. தி ஹூ குழுவின் ஜான் என்ட்விசில், பேஸ் பியானோ போலக் கணகணக்க வேண்டும் என்று நினைத்தார். 1966-ல் ரோட்டோசவுண்ட் கம்பி நிறுவனத்தோடு சேர்ந்து, தட்டை நாடாவுக்குப் பதில் உருண்டைக் கம்பி சுற்றிய பேஸ் கம்பிகளை உருவாக்க உதவினார். மேற்பரப்பு சொரசொரப்பு, ஒலியில் உலோகத்தின் பளபளப்பு. இதற்கு மாற கருவியில் ஒரு திருகாணியைக்கூடத் தொட வேண்டாம்.

ஆனால் இந்தக் கம்பி விரல் பலகையை அரம் மாதிரி அரிக்கும். ஜேக்கோ பாஸ்டோரியஸ் தன் 1962 ஜாஸ் பேஸில் ஃப்ரெட்டுகளே இல்லாமல் வாசித்தவர். எஃகு நேரே மரத்தில் உரசும். அதைத் தாங்க, படகுகளுக்குப் பூசும் எபாக்ஸியை விரல் பலகையில் பூசினார். பலகை கண்ணாடி போலக் கெட்டியானது. ஃப்ரெட் இல்லாத கருவியின் வழுக்கல், பின் பிக்கப்பின் மூக்கொலி, சொரசொரப்புக் கம்பி, கெட்டிப் பூச்சு எல்லாம் சேர்ந்து 1976-ல் வந்த அவருடைய முதல் தொகுப்பில் பாடுகிற மாதிரி ஒரு குரலாகக் கேட்டது. மரத்தைக் காப்பாற்றப் பூசியது குரலின் பகுதியாகிவிட்டது.

ஒரு 9 வோல்ட் பேட்டரி

பழைய பேஸ்களில் இருக்கும் 'டோன்' குமிழ் ஒரு கன்டென்சரும் ஒரு மின்தடையும்தான். அதனால் மேல் அலைவரிசையை வெட்டத்தான் முடியும், எதையும் கூட்ட முடியாது. போதாதற்கு, நீளமான வயரும் தன் பங்குக்குப் பளபளப்பைக் கொஞ்சம் தின்றுவிடும்.

1970களின் தொடக்கத்தில் சான் ஃபிரான்சிஸ்கோ பக்கத்தில் அலெம்பிக் என்ற சிறு நிறுவனம், கருவிக்குள்ளேயே மின்பெருக்கி வைத்த பேஸ்களைச் செய்தது. விலை எட்டாத உயரம். 1976-ல் மியூசிக் மேன் நிறுவனத்தின் ஸ்டிங்ரே அதைப் பெரிய அளவில் கடைக்குக் கொண்டுவந்தது. அதிலும் கைவைத்தவர் லியோ ஃபெண்டர்தான். பருத்த காந்தக் கால்களோடு ஒரே ஒரு பிக்கப், உள்ளே ஒரு பேட்டரி, அடியொலியையும் உச்சியொலியையும் கூட்ட, குறைக்கத் தனித்தனிக் குமிழ்கள். கட்டைவிரலால் அடித்து வாசிக்கும் முறைக்கு அது கச்சிதமாகப் பொருந்தியது. லூயிஸ் ஜான்ஸன் கையில் அதைக் கேட்டால் புரியும்.

அப்போ மரம்?

மரத்துக்கு வேலையே இல்லை என்று நான் சொல்லவில்லை. கம்பியின் இரண்டு முனைகளும் மரத்தில்தான் ஊன்றியிருக்கின்றன. கம்பியின் சக்தியில் எந்த அலைவரிசை எவ்வளவு வேகமாக வெளியே கசியும் என்பதை நெக்கின் விறைப்பும் எடையும் முடிவு செய்கின்றன. ஃபெண்டர் வகை பேஸ் வைத்திருப்பவர்களுக்கு இது தெரிந்த தொல்லை. மெல்லிய கம்பியில் ஐந்து, ஆறு, ஏழாவது ஃப்ரெட் பக்கம் ஒரு சுரம் மட்டும் செத்துப்போன மாதிரி சட்டென்று அடங்கும். நெக் தானே அதிர விரும்பும் அலைவரிசையும் அந்தச் சுரமும் ஒன்றாகிவிடுவதால், நெக் கம்பியின் சக்தியை உறிஞ்சிவிடுகிறது. ஜெர்மனியில் ஹெல்முட் ஃப்ளைஷர் இந்தச் செத்த புள்ளிகளை அளந்து ஆராய்ந்திருக்கிறார்.

இதற்கான தீர்வும் வரலாற்றில் இருக்கிறது. 1970களின் பிற்பகுதியில் கார்பன் நாரால் ஆன நெக்குகள் வந்தன. 1980 வாக்கில் நெட் ஸ்டைன்பெர்கர் தலையே இல்லாத, கிட்டத்தட்ட முழுக்கவே கார்பன் நாரும் பிசினும் கொண்டு செய்த பேஸை விற்பனைக்குக் கொண்டுவந்தார். ரஷ் குழுவின் கெடி லீ அதை மேடையில் வாசித்தார். சுரங்கள் சீராக, நீளமாக நின்றன. கேட்டவர்களுக்கு அது பேஸாகத்தான் கேட்டது. குரல் மரத்தில்தான் குடியிருக்கிறது என்றால் இந்தக் கருவி ஊமையாக அல்லவா இருந்திருக்க வேண்டும்?

என் குறிப்புகளிலிருந்து நான் போட்டுக்கொண்ட வரிசை இது: விரலும் அது மீட்டும் இடமும், கம்பி, பிக்கப்பின் இடம், மின்சுற்று, நெக்கின் விறைப்பு, அதற்கப்புறம் உடலின் மரம். சந்தேகம் இருந்தால் நீங்களே பார்க்கலாம். கையில் இருக்கிற ஏதாவது ஒரு பேஸை எடுத்து, ஒரே சுரத்தை முதலில் பிரிட்ஜ் ஓரத்திலும் பிறகு நெக் ஓரத்திலும் மீட்டுங்கள். பிரிட்ஜ் பக்கம் கம்பிக்கடியில் பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்சில் ஒரு துண்டைச் செருகி மறுபடி மீட்டுங்கள். பத்து ரூபாய்ச் செலவு. இரண்டு மரங்களுக்கு நடுவே கேட்காத வித்தியாசம் இதில் கேட்கும்.

ஜேமர்ஸனின் பேஸ் எங்கே இருக்கிறது என்று தேடுகிறவர்கள் இன்றும் உண்டு. கிடைத்தால் நல்லதுதான், அது ஒரு வரலாற்றுச் சின்னம். ஆனால் வேறொருவர் அதை எடுத்து மீட்டினால் மோட்டவுன் வராது. வர வேண்டுமென்றால் அந்தப் பழைய கம்பிகளும் ஸ்பாஞ்சும் வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக அந்த ஒற்றை விரல் வேண்டும்.

ஆம்ப்ளிஃபயரையும் ஸ்பீக்கரையும் பற்றி இங்கே அதிகம் பேசவில்லை. அது தனிக் கதை. குறிப்புகள் சேர்ந்ததும் எழுதுகிறேன்.