எழுத்துரு மாறும்போது எவருடைய எழுத்து தொலைகிறது?



பண்டிதர் அயோத்திதாசரின் நினைவில் கூடியிருக்கும் நாம், இன்று அவருடைய கருத்துகளுக்கு முன்னால் அவருடைய தாளைப் பற்றிப் பேச விரும்புகிறோம். 1907 ஜூன் 19 அன்று சென்னை இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' வெளிவந்தது. ஓராண்டுக்குப் பின் 'தமிழன்' என்று பெயர் மாறியது. 1914 மே 5இல் பண்டிதர் மறையும்வரை அவர் பொறுப்பில் வந்தது. அதற்கும் முன்பே, 1893இல், இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' இதழைத் தொடங்கியிருந்தார். தமிழ்ப் பத்திரிகை வரலாறு எழுதியவர்களில் பலர் இவற்றைக் கண்டுகொள்ளவில்லை. 1999இல் ஞான. அலாய்சியஸ் தொகுத்த அயோத்திதாசர் சிந்தனைகள் பாளையங்கோட்டையிலிருந்து வந்த பிறகுதான் பொதுவெளி திரும்பிப் பார்த்தது.

இடைப்பட்ட காலத்தில் அந்தத் தாள்களைக் காத்தவர்கள் யார்? அன்பு பொன்னோவியம் போன்ற நம் பெரியவர்கள். வீட்டுப் பெட்டியில், பரணில், பழுப்பேறிய கட்டுகளாக வைத்திருந்தார்கள். அந்தத் தாளுக்கு ஒரு நல்ல குணம் இருந்தது. தமிழ் படிக்கத் தெரிந்த எவரும் அதை எடுத்துப் படிக்கலாம். வேறொரு கருவியும் தேவையில்லை. எண்பது ஆண்டு புறக்கணிப்பை அது தாண்டி வந்ததற்கு அந்தக் குணமும் ஒரு காரணம்.

இப்போது நம் காலத்துக்கு வருவோம். 1991 அம்பேத்கர் நூற்றாண்டு. அதை ஒட்டித் தமிழில் தலித் இலக்கியம் ஓர் இயக்கமாக எழுந்தது. 1992இல் பாமாவின் 'கருக்கு' வந்தது. 1997இல் 'தலித் முரசு' தொடங்கியது. ஊருக்கு ஊர் சிற்றிதழ்கள், துண்டறிக்கைகள், உண்மை அறியும் குழு அறிக்கைகள், மாநாட்டு மலர்கள் அச்சாயின. ஈய எழுத்தைக் கோத்து அடித்த அச்சகங்கள் மறைந்து, டி.டி.பி. கடைகள் பெருகிய காலமும் அதுதான். செலவு குறைந்தது. ஓர் அறையும் ஒரு கணினியும் இருந்தால் இதழ் கொண்டுவரலாம் என்ற நிலை, பணமில்லாத நமக்குப் பெரிய விடுதலையாகவே இருந்தது.

ஆனால் அந்தக் கணினிக்குள் தமிழ் எப்படி இருந்தது என்பதை நாம் அறிந்துகொள்ள வேண்டும். அன்றைய எழுத்துருவில் இருந்தவை 256 இடங்கள். அதில் முதல் பாதி ஆங்கிலத்துக்கு என்று ஏற்கெனவே தீர்மானிக்கப்பட்டிருந்தது. தமிழ் எழுத்துகளை எந்த இடத்தில் வைப்பது என்பதை ஒவ்வொரு எழுத்துரு நிறுவனமும் தன் விருப்பப்படி முடிவு செய்தது. சிலர் மேல் பாதியில் வைத்தார்கள். சிலர் ஆங்கில எழுத்துகளின் இடத்திலேயே தமிழை ஏற்றினார்கள். பாமினி எழுத்துருவில் 'அம்மா' என்று அடித்த கோப்பை, பாமினி இல்லாத கணினியில் திறந்தால் திரையில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கிலக் குறிகள்தான் நிற்கும். கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும், கணினியின் நினைவில் அது தமிழே இல்லை. தமிழ் என்பது எழுத்துரு போட்டுக்கொண்ட வேடம் மட்டுமே.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க முயற்சிகள் நடந்தன. உலகெங்கும் இருந்த தமிழ்க் கணினி ஆர்வலர்கள் இணைய மடல்கள் வழியே விவாதித்துத் 'திஸ்கி' என்னும் குறியீட்டை உருவாக்கினார்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நாடு அரசு நடத்திய தமிழிணையம் மாநாட்டைத் தொடர்ந்து டாம், டாப் குறியீடுகளும் தமிழ் 99 விசைப்பலகையும் அரசுத் தரமாக அறிவிக்கப்பட்டன. இவற்றுக்கு முன்பே, 1991 அக்டோபரில், ஒருங்குறியின் முதல் பதிப்பு வெளிவந்துவிட்டது. அதில் தமிழுக்குக் கிடைத்தவை 128 இடங்கள். அதன் அடிப்படை, இந்திய மொழிகள் அனைத்துக்கும் ஒரே சட்டகம் போட்ட 1988ஆம் ஆண்டின் 'இஸ்கி' அமைப்பு. வடமொழி ஒலிவரிசைக்கு ஏற்ற அந்தச் சட்டகத்தில் தமிழை உட்கார வைத்தபோது, தமிழில் இல்லாத ஒலிகளுக்கான இடங்கள் வெற்றிடங்களாக நின்றன. இறுதியில் ஒருங்குறியே வென்றது. 2010இல் தமிழ்நாடு அரசும் அதையும் 'டேஸ் 16' குறியீட்டையும் ஏற்றது.

ஒருங்குறி வந்ததால் நன்மை இல்லை என்று நாம் சொல்லவில்லை. இன்று கூலி வேலைக்குப் போகும் நம் பிள்ளை கைப்பேசியில் தமிழில் எழுத முடிகிறதென்றால், தேடினால் தமிழில் கிடைக்கிறதென்றால், அது ஒருங்குறியால்தான். நம் கேள்வி வேறு. ஒரு தரத்திலிருந்து இன்னொரு தரத்துக்கு மாறும்போது அந்த மாற்றத்தின் செலவை யார் ஏற்கிறார்கள்?

பெரிய நாளிதழ்களுக்குக் கணினிப் பிரிவு இருந்தது. பெரிய பதிப்பகங்கள் ஆள் வைத்துக் கோப்புகளை மாற்றிக்கொண்டன. பொங்குதமிழ், என்.எச்.எம். போன்ற இலவச மாற்றிகளைத் தன்னார்வலர்கள் கொடுத்தார்கள். அவர்களுக்கு நம் நன்றி. ஆனால் ஒரு மாற்றி வேலை செய்ய, கோப்பு எந்தக் குறியீட்டில் அடிக்கப்பட்டது என்பது தெரிய வேண்டும். டி.டி.பி. கடைக்காரர் எங்கிருந்தோ வாங்கிவந்த எழுத்துருவின் பெயர் இதழ் நடத்தியவருக்குத் தெரியாது. கடை மூடியபோது எழுத்துருவும் போயிற்று. பக்கம் வடிவமைத்த பேஜ்மேக்கர் 2001இல் வந்த ஏழாம் பதிப்போடு நின்றது. அந்தக் கோப்புகளை இன்றைய இன்டிசைன் பதிப்புகள் திறப்பதில்லை. பிளாப்பி வட்டைச் செருக இன்றைய கணினியில் துளையே இல்லை. இணையத்தில் ஏற்றியவையும் தப்பவில்லை. 2009இல் ஜியோசிட்டிஸ் மூடப்பட்டது. 2014இல் ஆர்குட் போனது. யாஹூ குழுமங்களில் சேர்ந்திருந்த மடல்களும் கோப்புகளும் 2019 இறுதியிலிருந்து நீக்கப்பட்டன. இலவசமாகக் கிடைத்த இடம் எதுவும் நமக்குச் சொந்தமான இடமாக இருக்கவில்லை.

விளைவைச் சொல்கிறோம். 1907இன் தாளை இன்று படிக்க முடிகிறது. 1997இன் கோப்பைப் படிக்க முடியவில்லை. ஒரு வன்கொடுமை நடந்த மறுவாரம் பாதிக்கப்பட்டவர்களின் வாய்மொழியைப் பதிந்து தட்டச்சு செய்த அறிக்கை, பின்னாளில் நீதிமன்றத்திலோ ஆய்விலோ தேவைப்படும்போது வெறும் குறிகளாக நிற்கிறது. காவல்துறையின் பதிவு மட்டும் மிஞ்சுகிறது. இது தொழில்நுட்பச் சிக்கலாகத் தொடங்கி, யார் சொன்ன வரலாறு நிலைக்கும் என்ற அரசியலில் போய் முடிகிறது.

தரம் என்பது அரசியல் என்று தமிழ்ச் சமூகத்துக்குத் தெரியாமல் இல்லை. ஒருங்குறியின் தமிழ்ப் பகுதியில் கிரந்த எழுத்துகளைச் சேர்க்கும் முன்மொழிவு 2010இல் வந்தபோது அறிஞர்கள் எதிர்த்தார்கள்; தமிழ்நாடு அரசு தலையிட்டது. பின்னர் 2014இல், ஏழாம் பதிப்பில், கிரந்தத்துக்குத் தனிப் பகுதி ஒதுக்கப்பட்டது. விழிப்போடு கேட்டால் தொலைவில் உள்ள குழுவும் செவிகொடுக்கும் என்பதற்கு அது சான்று. எழுத்தின் தூய்மைக்காக எழுந்த அந்தக் குரலில் ஒரு பங்காவது, ஒடுக்கப்பட்டோரின் எழுத்தைக் காப்பதற்காக எழுந்திருக்க வேண்டும்.

இதே அநீதி வேலைத்தளத்திலும் தொடர்ந்தது. நூறு நாள் வேலையில் 2023 ஜனவரி 1 முதல் செயலி வழி வருகைப்பதிவு கட்டாயமாக்கப்பட்டது. நாளுக்கு இரண்டு முறை படம் எடுத்து ஏற்ற வேண்டியிருந்தது. சமிக்ஞை கிடைக்காத ஏரிக்கரையில் படம் ஏறாவிட்டால், மண்வெட்டி பிடித்தவரின் கூலி கேள்விக்குறியானது. செயலியை வடிவமைத்தவருக்கு அதனால் ஓர் இழப்பும் இருக்கவில்லை. கருவி பழுதானால் தண்டனை கடைசியில் இருப்பவருக்கு என்பது சாதியச் சமூகத்தின் பழைய விதி. கணினி அதைப் புதிய மொழியில் எழுதுகிறது.

ஆகவே சில வேலைகளை முன்வைக்கிறோம். 1990களிலும் அதன்பின்னும் இதழ் நடத்திய தோழர்கள் உயிரோடும் நினைவோடும் இருக்கும்போதே, அச்சுப் படிகளை ஊர் ஊராகச் சேகரிக்க வேண்டும். பிளாப்பியும் குறுந்தகடும் இருந்தால் எறியாமல், எந்தக் கடையில், எந்த எழுத்துருவில் அடித்தது என்று கேட்டு எழுதிவைக்க வேண்டும். வருடிய படம் மட்டும் போதாது. அது தேடலில் சிக்காது. பார்வையற்ற தோழருக்குப் படித்துக்காட்டாது. ஒருங்குறியில் தட்டச்சு செய்த எளிய உரைக்கோப்பும் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் மூன்று படிகள், மூன்று ஊர்களில். ஒரு படி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற பொது நூலகத்தில் இருக்கட்டும். ஈழத்தில் 2005இல் தன்னார்வலர்கள் தொடங்கிய நூலகம் திட்டம் இந்த வேலையைச் செய்துகாட்டியிருக்கிறது. யாழ்ப்பாண நூலகம் எரிந்ததைக் கண்ட மக்களுக்கு, படியெடுத்தல் என்றால் என்னவென்று தெரியும்.

இனி வெளிவரும் ஒவ்வோர் இதழும் தாளிலும் வரட்டும். பண்டிதரின் தாளைக் காத்தவர்கள் கணினி வல்லுநர்கள் இல்லை. இது நம் சொத்து, நாம்தான் காக்க வேண்டும் என்று அறிந்தவர்கள். அந்த அறிவு நமக்கும் உண்டு. நம்மிடம் இருப்பவற்றை எண்ணிப் பட்டியல் போடும் வேலையை இந்த அரங்கிலிருந்தே தொடங்குவோம்.

ஜெய்பீம்.