மோட்சம் விலைப்பொருளா?

மரணத்திற்குப்பின் மனிதனுக்குத் தீர்ப்பு எவ்வாறு அமையும் என்னும் கேள்வி பல சமயங்களிலும் உண்டு. அதற்கு விடை கூறும் உரிமை ஒரு கூட்டத்தார் கையிலே மட்டும் சிக்குமாயின் யாது விளையும் என்பதை ஐரோப்பிய சரித்திரம் காட்டுகின்றது.

கிறிஸ்து வேதத்தில் இதைக் குறித்து இரு குரல்கள் ஒலிக்கின்றன. மத்தேயு சுவிசேஷத்தின் 25-ஆம் அதிகாரத்தில், நியாயந்தீர்க்கும் அரசர் மக்களை இரு பக்கமாகப் பிரிக்கின்றார். பசித்தவனுக்கு உணவளித்ததும், அந்நியனை ஏற்றதும், நோயாளியையும் சிறைப்பட்டவனையும் சென்று கண்டதுமே அங்கு அளவுகோல். பவுல் ரோமருக்கு எழுதிய நிருபமோ, எவனும் தன் செய்கையால் நீதிமானாகான். கிருபையை விசுவாசத்தால் பெறுவதே இரட்சிப்பு என்கிறது. இவ்விரண்டிலும் பணத்திற்கு இடமில்லை.

பின் பணம் எங்ஙனம் புகுந்தது? பாவம் மன்னிக்கப்பட்ட பின்னும் அதற்குரிய தண்டனை எஞ்சி நிற்கும். அதை இவ்வுலகிலோ உத்தரிக்கிற ஸ்தலத்திலோ தீர்த்தாக வேண்டும் என்று ரோமைத் திருச்சபை போதித்தது. அத்தண்டனையைக் குறைக்கும் அதிகாரம் தனக்குண்டென்றும் கூறிற்று. 1095-இல் போப்பாண்டவர் இரண்டாம் உர்பான் சிலுவைப்போருக்குச் செல்வோருக்கு அச்சலுகையை அளித்தார். 1476-இல் நான்காம் சிக்ஸ்துஸ் அதை இறந்தோரின் ஆத்துமாக்களுக்கும் நீட்டினார். 1515-இல் பத்தாம் லியோ, ரோமாபுரியில் புனித பேதுரு ஆலயம் எழுப்பும் பொருட்டுப் பாவமன்னிப்புச் சீட்டு வழங்க ஆணையிட்டார். ஜெர்மனியில் வசூலான பணத்தில் ஒரு பாதியே ஆலயத்திற்குரியது. மறு பாதியோ, மைன்ஸ் நகரத்து அத்தியட்சர் பதவியைப் பெறுவதற்கு ஆல்பர்ட் என்பார் புக்கர் குடும்பத்தாரிடம் வாங்கிய கடனுக்குச் சென்றது. இதைச் சீட்டு வாங்கிய குடியானவன் அறியான்.

1517 அக்டோபர் 31-இல் மார்ட்டின் லூதர் 95 கருத்துக்களை எழுதி அந்த ஆல்பர்ட்டுக்கே அனுப்பினார். சீட்டு வாங்குவதினும் ஏழைக்கு ஈவது மேலானது. போப்புக்கு ஆத்துமாக்களை விடுவிக்கும் வல்லமை உண்டாயின், பணத்தை எதிர்பாராது அன்பினாலேயே அனைவரையும் ஏன் விடுவிக்கலாகாது என்னும் வினாக்கள் அவற்றுள் இருந்தன. 1521-இல் அவர் சபையினின்று விலக்கப்பட்டார். 1522-இல் புதிய ஏற்பாட்டை ஜெர்மன் மொழியில் வெளியிட்டார். வேதம் பாமரன் கைக்கு வந்தது.

வந்ததும் பாமரன் தானே வாசித்துப் பொருள் கொண்டான். 1525-இல் குடியானவர்கள், கிறிஸ்து யாவரையும் மீட்டிருக்கத் தாங்கள் மட்டும் பண்ணையடிமைகளாயிருப்பது தகுமோ என்று கேட்டனர். முதலில் இரு சாராரையும் கண்டித்த லூதர், கலகம் மூண்டதும் அவர்களை வெட்டி வீழ்த்துமாறு பிரபுக்களுக்கு எழுதினார். ஆயிரமாயிரம் பேர் மாண்டனர். சீட்டை எதிர்த்தவரே ஏழையின் கூக்குரலைக் கேட்கத் தவறினார்.

ரோமைச் சபையும் திருந்தாமலில்லை. 1567-இல் ஐந்தாம் பயஸ், பணம் பெற்று வழங்கும் சலுகைகளை ரத்துச் செய்தார். 1999-இல் இரு சபையாரும் இரட்சிப்பு கிருபையாலேயே உண்டாகிறதென ஆக்ஸ்பர்க்கில் கூட்டறிக்கை ஒன்றில் கையொப்பமிட்டனர். லூதரின் வழிவந்த சீகன்பால்கு 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்து, புதிய ஏற்பாட்டைத் தமிழில் பெயர்த்து அச்சேற்றியதால், அவ்வேதத்தைத் தமிழரும் தம் மொழியிலே வாசித்து ஆராயலாயினர்.

இச்சரித்திரத்தினின்று நாம் கொள்ளத்தக்கது ஒன்றுண்டு. மோட்சத்திற்குத் தரகர் வேண்டுவதில்லை என்று முழங்குவது எளிது. பசித்தவன் வாயிலில் நிற்கும்போது நாம் யாது செய்தோம் என்பதே, மத்தேயு காட்டும் அந்த அரசர் கேட்கும் கணக்கு. அதற்கு லூதரும் விலக்கல்லர், நாமும் விலக்கல்லோம்.