கணிப்பொறி வழிக் கூடிய இரு சபைகள்

வேற்று மாநிலத்தில் வாழும் நமக்கு, நாலு பேர் கூடித் தமிழில் அளவளாவும் இடத்தின் அருமை தெரியும். அவ்விடம் எவர் கையில் இருக்கிறது என்பதை மட்டும் நாம் ஆராய்வதில்லை.

1979-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக மாணவர்களான டாம் டிரஸ்காட், ஜிம் எல்லிஸ் இருவரும் யூஸ்நெட் என்னும் ஏற்பாட்டைச் சிந்தித்தனர். மறு ஆண்டே அது நடைமுறைக்கு வந்தது. அதற்குத் தலைமையகம் கிடையாது. ஒரு கணிப்பொறியில் இட்ட மடல் தொலைபேசிக் கம்பி வழியே அண்டைக் கணிப்பொறிக்குச் செல்லும். அது தன் அண்டைக்கு அனுப்பும். ஊர்ச்செய்தி பரவும் முறையும் இதுதானே! தமிழருக்கென்றும் அதில் ஒரு பிரிவு இருந்தது. ஆனால் காவலில்லாத் தோட்டத்தில் களை மண்டிற்று. 1994-இல் வழக்கறிஞர் இருவர் ஒரே விளம்பரத்தை ஆயிரக்கணக்கான பிரிவுகளில் இட்டனர். தடுக்க அதிகாரி எவருமில்லை.

2004-இல் கூகிள் நிறுவனம் தொடங்கிய ஆர்குட் இதற்கு நேர்மாறானது. ஒழுங்கும் எளிமையும் உடையது. பிரேசிலிலும் நம் நாட்டிலும் பெருகிற்று. எனினும் உரிமையாளர் ஒருவரே. 2014 செப்டம்பர் 30-ஆம் நாள் கதவு சாத்தப்பட்டது. குழுக்களின் உரைகள் சில காலம் காட்சிக்கு இருந்து, பின்னர் மறைந்தன.

யூஸ்நெட்டின் தொடக்ககால மடல்கள் எங்ஙனம் தப்பின? டொராண்டோ பல்கலைக்கழக விலங்கியல் துறையில் பணிபுரிந்த ஹென்றி ஸ்பென்சர், தம் கணிப்பொறிக்கு வந்த பிரதிகளை 1981 முதல் பத்தாண்டுகள் 141 காந்த நாடாக்களில் சேமித்தார். எவரிடமும் அவர் அனுமதி பெற வேண்டியிருக்கவில்லை. விந்தை என்னவெனில், 2001-இல் அம்மடல்களும் கூகிளின் தொகுப்பிலேயே சேர்ந்தன.