சைவத்தில் எத்தனை சைவம்

சாப்பாட்டுக்கு மதத்தின் பேரை வைத்த மொழி நம்முடையது. சிவனைக் கும்பிடுகிறவன் சைவன் என்பது பின்னுக்குப் போய், கறிமீன் தின்னாதவன் சைவன் என்றாகிவிட்டது. பெருமாளைக் கும்பிடும் ஐயங்காரும் ஓட்டலில் 'சைவச் சாப்பாடு'தான் கேட்டாக வேண்டும்.

இந்தச் சைவமும் ஒன்றல்ல. சமணத்தில் ஆசாரமானவர்கள் கிழங்கைத் தொடமாட்டார்கள். தோண்டினால் உயிர் சாகும் என்பார்கள். ஆசாரப் பார்ப்பனர்கள் வெங்காயம், பூண்டைத் தள்ளுவார்கள். வங்காளத்துப் பார்ப்பனருக்கோ மீன் விலக்கில்லை. புரட்டாசிச் சனிக்கும் மாலை போட்ட நாளுக்கும் மட்டும் கவிச்சி தொடாதவர்கள் நம்ம ஜனங்களிலேயே உண்டு. இங்கிலாந்தில் 1847-இல் மரக்கறி உணவுக்காரர்கள் சங்கம் வைத்தார்கள். பாலும் முட்டையும்கூடக் கூடாது என்றவர்கள் 1944-இல் தனியே பிரிந்து 'வீகன்' என்று பேர் வைத்துக்கொண்டார்கள். நம்ம நாட்டிலோ முட்டை அசைவம், பால் சைவம். பொட்டலத்தின் மேல் சர்க்கார் போடச் சொல்லும் பச்சைப் புள்ளியும் இதே கணக்குத்தான்.

யார் போட்ட கணக்கு? கறக்கிறவரைக்கும் மாடு ஊருக்கு; செத்தால் சேரிக்கு. "பாலு குடிச்சவன் மூக்கப் பொத்திக்கிட்டு நிப்பான், நாங்க தூக்கிக்கிட்டுப் போவோம்" என்று எங்க பாட்டி சொல்லும். பால் சைவமாக இருக்க, பிணத்தைச் சுமக்க ஒருத்தன் வேண்டியிருந்தது. பெரியபுராணத்தைப் புரட்டுங்கள். ஆதனூர் நந்தன் சிவன் கோயில் பேரிகைகளுக்குத் தோலும் வாரும், யாழுக்கு நரம்பும், பூசைக்குக் கோரோசனையும் கொடுத்தவர். மாட்டுத்தோல் உள்ளே போனது. கொடுத்தவர் தில்லைக்குள் நுழைய நெருப்பில் இறங்க வேண்டியிருந்தது. இதுவும் சைவம்தான்.

கறி தின்னாதது இவர்களுக்கு ஆதியிலிருந்தே வந்த குணமும் அல்ல. புறநானூற்றில், தன் கை மென்மையாக இருப்பதற்கு ஊனும் சோறும் உண்டதே காரணம் என்று சேரனிடம் சொல்கிற கபிலர் அந்தணர். 1948-இல் வந்த 'தீண்டப்படாதவர்கள்' நூலில் அம்பேத்கர், யாகத்தில் மாட்டை அறுத்துத் தின்ற பார்ப்பனர்கள் பௌத்தத்தை வெல்வதற்காகவே கறியை விட்டார்கள் என்று வாதிட்டார். செத்த மாட்டைத் தின்றுவந்த சிதறுண்ட மக்கள் அதன் பிறகே தீண்டப்படாதவர் ஆக்கப்பட்டார்கள் என்பது அவர் முடிவு.

அதே அம்பேத்கர்தான் 1927-இல் மகாடில், செத்த மாட்டைத் தின்பதை நிறுத்துங்கள் என்று நம்ம ஜனங்களிடம் சொன்னார். சுயமரியாதைக்காகச் சொன்னார். எத்தனையோ பேர் நிறுத்தினார்கள். அதற்காக அவர்களை யாரும் 'சைவம்' என்று கூப்பிட்டதில்லை.

தமிழ்நாட்டில் 1957-இல் பெரியார் கட்சிக்காரர்கள் ஓட்டல் பலகையில் இருந்த 'பிராமணாள்' என்ற எழுத்தை அழிக்கச் சொல்லி மறியல் செய்தார்கள். அந்த எழுத்து போனது. 'உயர்தர சைவம்' இருக்கிறது. சோற்றில் உயர்தரம் என்றால் அரிசியா, ஆளா?

வீடு தேடிப் போனபோது ஒரு வீட்டுக்காரர் என்னிடமும் "நீங்க சைவமா?" என்று கேட்டார். என் மனைவி முட்டைகூடத் தொடமாட்டாள். வீட்டில் கறி சமைப்பதில்லை. அதைச் சொன்னேன். ரொம்ப சந்தோஷம் என்றவர், அடுத்து எந்த ஊர் என்று கேட்டார். சொன்னேன். ஊரில் எந்தத் தெரு என்று கேட்டார்.