செவ்வந்திக்கல்லும் சனி தோஷமும்

நீலக்கல் வாங்க வசதியற்றோர் சனி தோஷம் நீங்குமென்று ஊதாநிறச் செவ்வந்திக்கல்லை மோதிரத்திற் பதித்து அணிவதுண்டு. கோலசிலாங்கூர்த் தோட்டங்களில் பால்வெட்டியும் குலை சுமந்தும் மிச்சம் பிடித்த வெள்ளி இவ்வழியிற் செல்வதால், அக்கல்லின் வரலாற்றை அறிதல் நம்மவர்க்கு நலம்.

கோலாலம்பூரின் வடகிழக்கே வெண்சுவர்போல் நிற்கும் கிள்ளான் கேட்ஸ் மலைமுகட்டைப் பலர் கண்டிருப்பர். ஏறத்தாழ ஒன்பது மைல் நீண்ட அம்முகடு ஒரே படிகக்கல் நரம்பாகும். பூமியின் ஆழத்திலிருந்து பாறைவெடிப்பின் வழியே ஏறிய வெந்நீர், ஆறுந்தோறும் தன்னிற் கரைந்திருந்த மணற்சத்தைப் படியவிட, அதுவே இறுகிற்று. சுற்றியிருந்த மெலிந்த பாறையை மழை அரித்தது, நரம்பு எஞ்சியது. இன்று பெஸ்தாரி ஜெயா எனப்படும் பத்தாங் பெர்ஜுந்தையின் ஈயலம்பங்கள் கொட்டிய வெண்மணலும் பெரும்பகுதி இவ்வினப் படிகத்தின் பொடியே.

செவ்வந்திக்கல்லும் அதே பொருளன்றி வேறன்று. நரம்பினிடையே வெற்றிடமிருப்பின் படிகம் பட்டைபட்டையாய் வளரும்; வளருங்கால் சிறிதளவு இரும்பு உட்புகும். அவ்வளவில் ஊதா வந்துவிடாது. பக்கத்துப் பாறையிலுள்ள பொட்டாசியம் முதலியன சிந்தும் கதிர்கள் நெடுங்காலம் பட்டு, இரும்பணுவினின்று ஒரு மின்னணுவைப் பெயர்த்த பின்னரே அந்நிறம் தோன்றும். ஐந்நூறு பாகை செல்சியஸ் அளவிற் காய்ச்சினால் ஊதா நீங்கிப் பெரும்பாலும் மஞ்சளாகும். மஞ்சட்கல்லோ வியாழனுக்குரியதாம்! சனியின் கல்லை வியாழனின் கல்லாக்க ஓர் உலை போதும்.

நம் முன்னோர் இக்கல்லை நன்கறிந்தவர். ஈரோடு மாவட்டத்தில் நொய்யற்கரைக் கொடுமணலில் 1985 முதல் நடந்த அகழாய்வுகள், செவ்வந்திக்கல் உள்ளிட்ட மணிகளைத் தீட்டித் துளையிட்ட தொழிலின் சுவடுகளை வெளிக்கொணர்ந்தன. கி.பி. 79 இல் இறந்த ரோமானிய அறிஞர் பிளினி, செவ்வந்திக்கற்களில் இந்தியக் கல்லுக்கே முதலிடம் தந்தார். கிரேக்கர் இட்ட பெயருக்கு ‘மயக்கம் தராதது’ என்று பொருள். இதை அணிந்தவர்க்குக் குடிவெறி ஏறாதென்றனர். அது மந்திரவாதிகளின் பொய் என்று பிளினியே எழுதிவைத்தார். அந்நம்பிக்கை நம் தோட்டத்துக் கள்ளுக்கடைகளுக்கு வந்து சேராதது ஒருவகையில் நன்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரேசிலிற் பெருந்திரளாகக் கிடைத்ததும் அரசர் அணிந்த கல் அங்காடிக்கு வந்தது, விலை வீழ்ந்தது. இன்றோ, இரும்பு கலந்து படிகம் வளர்த்துக் கதிர்பாய்ச்சி, ஆலையிலேயே செவ்வந்திக்கல் செய்கின்றனர். ஆய்வுக்கருவியின்றி அதனை நிலத்திற் பிறந்த கல்லினின்று பிரித்தறிதல் வணிகர்க்கே அரிது. அதை விரலில் அணிவித்துப் பலன் சொல்லும் சோதிடர்க்கு எங்ஙனம் இயலும்?