முதல் நிரல்மொழித் தேர்வு: பேசிக், பாஸ்கல் மொழிகளை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

நிரலாக்கம் கற்கப் புகுபவர் முதலில் எம்மொழியைக் கற்க வேண்டும் என்னும் வினா பெரும்பாலும் மொழிகளின் தரம் பற்றிய வினாவாகவே அணுகப்படுகிறது. கற்பவர் யார் என்பது குறித்த கருத்து வேறுபாடே அதன் அடிப்படை என்பதை, பேசிக், பாஸ்கல் ஆகிய மொழிகளின் வரலாற்றின்வழி இக்கட்டுரை நிறுவ முற்படுகிறது.

பேசிக்: அனைவருக்குமான மொழி

1960களின் தொடக்கத்தில் நிரலைத் துளையட்டைகளில் பதிந்து கணினி மையத்தில் ஒப்படைத்து, விடைக்குப் பல மணி நேரம் காத்திருத்தல் வழக்கம். அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரிக் கணிதப் பேராசிரியர்கள் ஜான் கெமனி, தாமஸ் கர்ட்ஸ் இருவரும் இந்நிலையை மாற்ற முனைந்தனர். அக்கல்லூரி மாணவருள் பெரும்பான்மையோர் கலை, சமூக அறிவியல் துறையினர். பிற்காலத்தில் அரசிலும் வணிகத்திலும் முடிவெடுக்கவிருக்கும் அவர்களும் கணினியை அறிதல் வேண்டும் என அவ்விருவரும் கருதினர். ஃபோர்ட்ரான், அல்கால் மொழிகள் அவர்களுக்குக் கடினமானவை எனக் கண்டு, எளிய ஆங்கிலச் சொற்களால் அமைந்த பேசிக்கை உருவாக்கினர். 1964 மே 1 அதிகாலையில் அம்மொழியில் முதல் நிரல் இயங்கியது. பலர் ஒரே வேளையில் ஒரு கணினியைப் பயன்படுத்தும் நேரப்பகிர்வு முறையும் உடன் அமைந்தமையால், மாணவர் தம் பிழையை உடனுக்குடன் கண்டு திருத்த முடிந்தது.

பாஸ்கல்: ஒழுங்கைப் பயிற்றும் மொழி

தொடக்ககாலப் பேசிக்கில் ஒவ்வொரு வரிக்கும் எண் இருந்தது. 'கோட்டூ' என்னும் கட்டளை நிரலின் ஓட்டத்தை வேண்டிய வரிக்குத் தாவச் செய்யும். சிறு நிரலில் எளிதாயிருந்த இம்முறை, நிரல் நீளும்போது அதன் போக்கைப் பின்தொடர்வதை அரிதாக்கியது. நெதர்லாந்து அறிஞர் டைக்ஸ்ட்ரா இத்தகைய தாவல் கட்டளையின் தீங்கை 1968இல் எடுத்துரைத்தார். பேசிக் பயின்ற மாணவர்க்கு நல்ல நிரலாக்கத்தைக் கற்பித்தல் ஏறத்தாழ இயலாது என 1975இல் எழுதினார்.

சுவிட்சர்லாந்தின் நிக்லாஸ் விர்த் 1970இல் வெளியிட்ட பாஸ்கல், மாறிகளின் வகையை முன்னரே அறிவிக்கவும் சிக்கலைச் சிறு கூறுகளாகப் பகுக்கவும் மாணவரைப் பழக்கியது. அமெரிக்க மேல்நிலைப்பள்ளி மாணவர்க்கென 1984இல் தொடங்கிய ஏபி கணினி அறிவியல் தேர்வு பாஸ்கலையே ஏற்றது. அத்தேர்வு 1999இல் சி பிளஸ் பிளஸ் மொழிக்கும், 2003-04 கல்வியாண்டில் ஜாவாவுக்கும் மாறியது. இவ்விரண்டும் பயிற்றுதற்கென உருவானவை அல்ல, தொழில்துறையில் வழங்கியவை.

முடிவுரை

டைக்ஸ்ட்ரா நிரலராகப் போகும் மாணவரை எண்ணிப் பேசினார். கெமனியும் கர்ட்ஸும் நிரலராகப் போகாத மாணவரை எண்ணிப் பேசிக்கை அமைத்தனர். எனவே அக்கண்டனம் பேசிக்கின் நோக்கத்தைத் தொடவில்லை. எனினும் அது முற்றிலும் பொருந்தாததும் அன்று: எளிய மொழியில் தொடங்குபவருள் சிலர் பின்னர் நிரலராவர். அவ்விருவரும் 1980களில் வெளியிட்ட ட்ரூ பேசிக்கில் வரி எண்கள் கட்டாயமல்ல என்பது இங்குக் கருதத்தக்கது. தொடக்கநிலை மாணவர் தம் திசையை அறியாத நிலையில், அவருக்காகக் கல்வி நிறுவனமே மொழியைத் தேர்கிறது. ஆதலின், எம்மாணவரைக் கருதித் தேர்ந்தது என்பதைப் பாடத்திட்டம் வெளிப்படையாகக் கூறுதல் வேண்டும்.