வாயோலை

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் உள்ள முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகளை மக்களாட்சியின் மூத்த சாட்சியமாகவே பள்ளியில் படித்திருக்கிறோம். அவற்றை இன்னொரு வழக்கத்தின் தொடக்கமாகவும் படிக்கலாம். பல கை மாறி வரும் ஒன்றில் இடையில் யாரும் கைவைக்கவில்லை என்று, அதைச் செய்தவரை அறியாத ஒருவருக்கு எப்படி உறுதிசொல்வது? கணினிக்கு ஓர் ஆப் எழுதி, மின்கையொப்பமிட்டு ஆப் ஸ்டோருக்கு அனுப்புகிறவர் முன் நிற்கும் கேள்வியும் இதுதான். நம்பிக்கையைத் தாங்குவது முத்திரை அல்ல, அது விழுகிற முறை. உத்திரமேரூர் சபை 1,100 ஆண்டுகளுக்கு முன்பே இதை உணர்ந்திருந்தது என்பது என் வாதம்.

சபையின் குழுக்களுக்கு ஆட்களைத் தேர்ந்தெடுக்கக் கல்வெட்டு சொல்லும் முறையைப் பாருங்கள். ஊரில் 30 குடும்புகள். குடும்பு என்றால் அன்று ஊரின் ஒரு வட்டாரம். ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுள்ளவர்களின் பெயர்களைத் தனித்தனி ஓலையில் எழுதி, ஒரே கட்டாக்கி, எந்தக் குடும்பின் கட்டு என்று சொல்லும் வாயோலையை மேலே வைத்துக் குடத்தில் இட்டார்கள். கோயில் பூசாரிகளான நம்பிமாரில் மூத்தவர் அந்தக் குடத்தை எல்லாரும் காணத் தூக்கிப் பிடிப்பார். உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத சிறுவன் ஒரு கட்டை எடுப்பான். அதை வேறொரு குடத்தில் போட்டுக் குலுக்கி, அதிலிருந்து ஓர் ஓலையை எடுத்து நடுவரான மத்தியஸ்தனிடம் கொடுப்பார்கள். அவன் ஐந்து விரலும் விரிந்திருக்க, உள்ளங்கையில் அதை வாங்க வேண்டும். விரல் மடங்கினால் ஓலை மாறிவிடலாம் அல்லவா? இத்தனை சிறிய அசைவைக்கூடக் கல்லில் வெட்டி வைத்தவர்களின் அக்கறை வியக்க வைக்கிறது. அவன் வாசித்ததை அங்கிருக்கும் நம்பிமார் அனைவரும் மறுபடி வாசித்த பிறகே பெயர் பதிவாகும்.

மேக் கணினிக்கான ஆப்பும் ஒரு கட்டுதான். பார்வைக்கு ஒரே கோப்பு. உள்ளே நிரல், படங்கள், துணை நூலகங்கள். உள்ளிருக்கும் நூலகங்களுக்கு முதலில் கையொப்பம், வெளிக்கட்டுக்குக் கடைசியில். ஒவ்வொரு கோப்புக்கும் கணக்கிட்ட அடையாள எண்கள் ஒரு பட்டியலாகி, அந்தப் பட்டியலும் கையொப்பத்துக்குள் அடங்கும். பிறகு ஒரு சின்னப் படத்தை மாற்றினாலும் கணக்கு இடிக்கும். 2011 ஜனவரியில் மேக் ஆப் ஸ்டோர் திறந்தது. 2012 ஜூன் முதல், ஆப் எதையெல்லாம் தொடப்போகிறது என்பதையும் இந்தக் கையொப்பத்துக்குள்ளேயே அறிவிக்க வேண்டியதாயிற்று.

மின்கையொப்பத்துக்கு நேரான மூதாதை குடத்தில் ஓலையிடும் இந்தக் குடவோலை முறை அல்ல, செப்பேடு என்று சிலர் மறுக்கலாம். நியாயந்தான். திருவாலங்காட்டுச் செப்பேட்டின் 31 ஏடுகளையும் ஒரே வளையம் கோத்து நிற்கிறது. அதன் மேல் சோழரின் புலி முத்திரை. வளையத்தை அறுக்காமல் இன்னோர் ஏட்டைச் செருக முடியாது. ஆனால் முத்திரை போடும் கருவியே களவு போனால்? 2010-இல் வெளிப்பட்ட ஸ்டக்ஸ்நெட் என்ற தீநிரல், தைவானின் இரண்டு நிறுவனங்களிடம் திருடிய சாவிகளால் கையொப்பமிட்டே வந்தது. கணிதத்தில் பிழையில்லை, சாவியைக் காத்த முறை தவறிற்று. விண்டோஸ் மென்பொருளுக்கான எல்லாச் சாவிகளையும் தனி வன்பொருளில்தான் வைக்க வேண்டும் என்ற விதி 2023 ஜூனில்தான் வந்தது.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. உத்திரமேரூர் ஒரு சதுர்வேதிமங்கலம், அதாவது பிராமணர் ஊர். கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலமும், சொந்த மனையில் வீடும், வேதப் பயிற்சியும் உள்ளவருக்கே பொதுவாகக் குடத்தில் இடம். பெண்களுக்கும் உழைக்கும் சாதிகளுக்கும் இல்லை. அதை மறைத்து அந்த ஊரைப் புகழ்வது தவறு. ஆனாலும் உள்ளே விடுவதற்கான விதி வேறு, விட்டபின் நடக்கும் முறை வேறு. ஆப் ஸ்டோரிலும் வாசல் குறுகல்தான்: ஆண்டுக்கு 99 டாலர் கட்ட வேண்டும், ஒரே நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும். பிறகு கடை தன் கையொப்பத்தை இட்டே ஆப்பை நம் கணினிக்கு அனுப்புகிறது. எழுதியவரின் கையொப்பம் நம்மிடம் வந்து சேர்வதில்லை. பரிசோதனையும் நம் கண்ணில் படாத இடத்தில் நடக்கிறது. உத்திரமேரூரிலோ 919-இல் வகுத்த முறையை இரண்டே ஆண்டில், 921-இல், திருத்த வேண்டியிருந்தது. 30 முதல் 60 வரை என்றிருந்த வயது வரம்பு 35 முதல் 70 வரை என்றாயிற்று. பழைய வரிகளை யாரும் செதுக்கி அழிக்கவில்லை. இரண்டையும் இன்றும் அந்தக் கோயிலில் படிக்கலாம்.